பீரங்கி மேடு முதல் பத்தாம் நம்பர் ராடு வரை

ஸ்டிக் வெல்டிங் பழக ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். எந்த மெஷின் வாங்கலாம்? எந்த ராடு நல்லது? கொல்லைப்பக்கக் கேட்டைச் சரிசெய்ய, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு தாங்கு வைக்க, டிராக்டர் கேஜ் வீலில் விட்டுப்போன பட்டையை ஒட்ட என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "6013 வாங்கிக்கங்க, இருநூறு ஆம்ப்ஸ் மெஷின் போதும்."

பதில் தப்பில்லை. ஆனால் ஏன் 6013, ஏன் இருநூறு என்று தெரியாமல் வாங்கினால், ஒட்டிய இடம் விட்டுப்போகும்போது எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாது. அந்த 'ஏன்' எனக்குப் பிடிபட்டது வெல்டிங் கையேட்டில் இல்லை. பழைய இரும்பைப் பற்றிப் படித்தபோதுதான். அதனால் இந்தக் கட்டுரை தஞ்சாவூர்க் கீழவாசலில் தொடங்கி ராடு கடைக்கு வந்து சேரும்.

43 பட்டைகள்

தஞ்சைக் கோட்டையின் கிழக்குப் பக்கத்தில் பீரங்கி மேடு என்று ஊரார் சொல்லும் இடத்தில் ஒரு பெரிய இரும்புப் பீரங்கி இருக்கிறது. ராஜகோபால பீரங்கி என்று பெயர். ரகுநாத நாயக்கர் காலத்தது, 1620-ஐ ஒட்டியது என்பார்கள். நீளம் ஏறத்தாழ 25 அடி. வாயின் உள்விட்டம் ஏறத்தாழ 2 அடி. அளவெடுத்துக் கணக்கிட்டதில் எடை சுமார் 22 டன் வருகிறது.

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவது, வெயிலிலும் மழையிலும் கிடந்தும் துருப்பிடித்து உதிரவில்லை என்பது. அது உண்மைதான். இரும்பின் மேல் இறுக்கமான மெல்லிய படலம் ஒன்று உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஆனால் இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: இந்தப் பீரங்கி வார்க்கப்பட்டதில்லை. துண்டு துண்டான இரும்பை ஒட்டிச் செய்தது.

கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியமும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் இதைப் பற்றி விரிவான ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி குழாயின் உள்சுவர் நீளவாக்கில் அடுக்கிய 43 இரும்புப் பட்டைகளால் ஆனது. பீப்பாய் செய்பவர் பலகைகளை வட்டமாக நிறுத்துவாரே, அதே மாதிரி. அந்தப் பட்டைகளுக்கு மேல் இரும்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஏற்றியிருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டாவைச் சுடச்சுட ஏற்றித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

பக்கத்து ஊரான சுவாமிமலை வார்ப்புக்குப் பேர்போனது. செம்பையும் வெண்கலத்தையும் உருக்கிச் சிலை ஊற்றத் தெரிந்த நாட்டில், பீரங்கியை மட்டும் ஏன் ஒட்டிச் செய்யவேண்டும்? காரணம் உலை. அன்றைய நம்மூர் உலைகளில் இரும்பு உருகி ஓடாது. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரியும் தாதும் போட்டுத் துருத்தி ஊதினால் கிடைப்பது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு கட்டி. அதற்குள் கசடு நிறைந்திருக்கும். அதைக் காய்ச்சி அடித்து, கசடைப் பிழிந்து, பட்டையாக்க வேண்டும். ஒரு உலையில் ஒரு தடவைக்குச் சில கிலோதான் தேறும். 22 டன் வேண்டுமென்றால் ஒட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

டேனிஷ்காரர்கள் 1620-இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கால் ஊன்றினார்கள். ஆண்டு பொருந்துவதால், அவர்கள் உதவியோடு செய்த பீரங்கி என்ற பேச்சு உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பட்டையும் வளையமும் வைத்து ஒட்டும் முறை ஐரோப்பாவிலும் இருந்தது. எடின்பரோ கோட்டையில் இருக்கும் 'மான்ஸ் மெக்' அப்படிச் செய்ததுதான். ஆனால் அதன் வருஷம் 1449. 1620-க்குள் ஐரோப்பியர் வெண்கலத்திலும் வார்ப்பிரும்பிலும் பீரங்கி ஊற்றப் பழகி, இந்த முறையைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். தாங்களே விட்டுவிட்ட வேலையை இங்கே வந்து கற்றுக்கொடுத்திருப்பார்களா? உலைக்களத்தில் நின்றது நம்மூர்க் கொல்லர் கை என்று எடுத்துக்கொள்வதே இயல்பாக இருக்கிறது.

மணல் செய்த வேலை

இரண்டு இரும்புத் துண்டை உருக்காமல் எப்படி ஒட்டுவது? வெண்சூடு வரும்வரை காய்ச்சி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓங்கி அடிக்க வேண்டும். அந்தச் சூட்டில் இரும்பு மெழுகு மாதிரி இளகியிருக்கும். சுத்தமான இரண்டு முகங்கள் அழுந்தினால் ஒன்றாகிவிடும்.

'சுத்தமான' என்பதில்தான் சிக்கல். சூடான இரும்பு காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மேலே கறுப்புச் செதில் படியும். செதிலோடு அடித்தால் இரும்பும் இரும்பும் சேராது. நடுவில் செதில் மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு ஒட்டின மாதிரி இருந்தாலும் பாரம் வந்தால் பிரிந்துவிடும்.

கொல்லர்கள் இதற்கு மணலைத் தூவினார்கள். சில இடங்களில் வெண்காரம். மணலில் உள்ள சிலிகா இரும்புச் செதிலோடு சேர்ந்தால் 1200 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிக் கண்ணாடிக் குழம்பு மாதிரி ஆகிவிடும். அந்தக் குழம்பு இரண்டு வேலை செய்கிறது. இரும்பின் மேல் போர்வையாகக் கிடந்து காற்றை உள்ளே விடாது. சம்மட்டி விழும்போது அழுக்கைச் சேர்த்துக்கொண்டு பிதுங்கி வெளியே தெறித்துவிடும். உலைக்களத்தில் பறக்கும் பொறியில் பாதி இந்தக் கசடுதான்.

பீரங்கியிலிருந்து எடுத்த இரும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே கசடுத் துணுக்குகள் தெரிந்தன. கரியும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. உருகாத உலை இரும்பின் கைரேகை அது. அந்த இரும்பு தன்னுள் கொஞ்சம் கசடை வைத்திருந்ததால் அடித்து ஒட்டுவதற்கு இணக்கமாகவும் இருந்தது.

இந்த இரண்டு வேலையையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: காற்றைத் தடுப்பது, அழுக்கை வெளியே தள்ளுவது. ராடு கடையில் நிற்கும்போது திரும்ப வரும்.

பரங்கிப்பேட்டையும் மாங்கனீசும்

டெல்டாவுக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் இங்கே பெரிய அளவில் இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பக்கத்துத் தாதுதான் மூலப்பொருள். ஆலை கடைசிவரை கடனிலேயே தத்தளித்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூடப்பட்டது.

ஹீத்தை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் ஆலை இல்லை. அவர் இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்டில் செய்த ஒரு வேலை. உருக்கில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வருகிறது, காய்ச்சி அடித்தால் உடையாமல் ஒட்டுகிறது என்று கண்டு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் சின்ன மாற்றத்தோடு அதையே பயன்படுத்திக் காசு பார்த்தார்கள். ஹீத் வழக்கு நடத்தியே தேய்ந்து, 1851-இல் இறந்துபோனார்.

மாங்கனீசு செய்வது இதுதான். இரும்பைவிட அதற்கு ஆக்சிஜன் மேல் பிரியம் அதிகம். இரும்பிடமிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கசடாகி மேலே மிதந்துவிடும். கந்தகத்தையும் கட்டிப்போடும். இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு ராடின் பூச்சிலும் ஃபெரோ மாங்கனீசு இருக்கிறது. மணல் வெளியே இருந்து செய்ததை மாங்கனீசு உள்ளே இருந்து செய்கிறது.

ரிவிட் காலம்

அதற்கடுத்த நூறு வருஷம் டெல்டாவில் ஒட்டுவதைவிடத் தைப்பதே நடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இல் ரயில் வந்தது. நாகப்பட்டினத்தில் ரயில்வே பணிமனை நடந்தது. 1928-இல் அது திருச்சி பொன்மலைக்கு மாறியது. இஞ்சின் பாய்லர், பாலம், மதகுப் பலகை எல்லாவற்றையும் துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டைச் செருகி, இரண்டு பக்கமும் அடித்துத்தான் இணைத்தார்கள். 1914-இல் திறந்த பாம்பன் பழைய பாலம் ரிவிட் வேலைக்கு நல்ல சாட்சி.

ரிவிட்டுக்குக் காற்று ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அங்கே எதுவும் உருகி ஒன்றாவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே இரும்பாகிவிடுவதால் விரிசலுக்கும் பாதை திறந்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங்கில் கட்டிய கப்பல்களில் இது தெரிந்தது. 1943 ஜனவரியில் 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், கரையோரம் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே நடுவில் பிளந்தது. குளிரில் நொறுங்கும் தன்மையுள்ள எஃகும், கூர்மையான மூலைகளும், வெல்டிங் குறைகளும் சேர்ந்து செய்த வேலை.

மின்வில்

மின்சாரத்தைத் தாவவிட்டால் வில் மாதிரி வளைந்த நெருப்பு வரும் என்பது 1800-களின் தொடக்கத்திலேயே தெரியும். ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸ் 1880-களில் கரிக்கோலை வைத்து அந்த நெருப்பில் இரும்பை உருக்கி ஒட்டினார். 1888-இல் ஸ்லாவ்யானோவ் கரிக்கோலுக்குப் பதில் இரும்புக் கோலையே வைத்தார். கோலே உருகி இடுக்கை நிரப்பியது. இன்றைய ராடின் அடிப்படை அதுதான்.

ஆனால் அது மேற்பூச்சு இல்லாத வெறுங்கம்பி. இரும்பு உருகிச் சொட்டும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தன. ஒட்டிய இடம் ஓட்டை விழுந்து, உடையக்கூடியதாக இருந்தது. கொல்லருக்கு இருந்த அதே பழைய எதிரி, இன்னும் அதிகச் சூட்டில்.

விடை சொன்னவர் சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி. கோதன்பர்க் துறைமுகத்தில் கப்பல் பாய்லர்களைப் பழுதுபார்த்தவர். 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பியைத் தாதுக் குழம்பில் முக்கிக் காயவைத்து, பூச்சுள்ள ராடைக் கொண்டுவந்தார். வில்லின் சூட்டில் பூச்சும் எரிந்து உருகும். புகை வாயுவாகி வில்லைச் சுற்றி நின்று காற்றைத் தள்ளும். உருகிய தாது கசடாகி இரும்பின் மேல் போர்த்தும். கொல்லர் ஒரு பிடி மணலில் செய்ததை, ராடோடு சேர்த்தே கட்டிக்கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

ஆக, கம்பி எல்லா மைல்டு ஸ்டீல் ராடிலும் ஏறத்தாழ ஒரே இரும்புதான். நாம் தேர்ந்தெடுப்பது பூச்சை. நம்மூரில் அதிகம் விற்கும் 6013-இன் பூச்சில் முக்கியச் சரக்கு ரூட்டைல், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் இருப்பவற்றில் ரூட்டைலும் ஒன்று. அரசின் அரியமண் நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. ராடு பூச்சுத் தொழிலுக்கு வேண்டிய சரக்கு அது. மறுபடியும் மணல்தான்.

திருச்சியில் பெல் பாய்லர் ஆலை 1960-களில் வந்தது. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. பாய்லர் குழாயில் ஒரு ஒட்டு விட்டால் ஆள் உயிர் போகும். அங்கே ஒவ்வொரு ஒட்டையும் கதிர்ப்படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் பட்டறைகள் பெருகியது அந்த ஆலையின் நிழலில்தான். தெருமுனை கிரில் பட்டறைக்கு அந்தச் சோதனை எதுவும் கிடையாது. நம் கொல்லைப்பக்கத்துக்கு அறவே கிடையாது. சோதனை இல்லாத இடத்தில் தேர்வாவது சரியாக இருக்கவேண்டும்.

ராடு

எண்ணைப் படிப்பது சுலபம். 6013-இல் முதல் இரண்டு இலக்கம் பலம்: சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு இழுவை. மூன்றாவது இலக்கம் 1 என்றால் கிடை, செங்குத்து, தலைக்குமேல் எல்லா நிலையிலும் ஓட்டலாம். கடைசி இலக்கம் பூச்சின் வகை. இது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கணக்கு. நம்மூர் ஐ.எஸ். 814 தரத்தில் இதே ராடு ஈ.ஆர். 4211 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும்.

*6013:* பழகுகிறவருக்கு இதுதான். வில் சுலபமாகப் பற்றும், ஏ.சி.யிலும் டி.சி.யிலும் ஓடும், கசடு தானாக உரிந்து வரும். குறை என்னவென்றால் ஆழமாக இறங்காது. மெல்லிய, நடுத்தர இரும்புக்குச் சரி. கசடு அதிகம் என்பதால், புதிதாகப் பழகுகிறவர் கசடையே இரும்பு என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. குழம்பில் பளபளவென்று தெளிவாகத் தெரிவது இரும்பு. மேலே மங்கலாக ஊர்ந்து வருவது கசடு.

*7018:* பலமும் வளைந்துகொடுக்கும் தன்மையும் அதிகம். பூச்சில் ஈரம் இல்லாமல் இருந்தால் இரும்புக்குள் ஹைட்ரஜன் போகாது, பின்னால் விரிசல் விடாது. அந்த 'இருந்தால்'தான் கஷ்டம். பிரித்த பெட்டியை 300 டிகிரிக்கு மேல் உலையில் காயவைக்கவேண்டும். வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. சாதாரண ஏ.சி. செட்டில் வில்லும் நிற்காது. டி.சி. மெஷினும், அப்போதே பிரித்த சின்னப் பெட்டியும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

*6010:* காகிதக்கூழ்ப் பூச்சு. ஆழமாக இறங்கும், பைப்லைன் வேலைக்கு. பொழுதுபோக்குக்கு வேண்டாம்.

அளவைப் பட்டறையில் கேஜில் சொல்வார்கள். பன்னிரண்டாம் நம்பர் என்றால் ஏறத்தாழ 2.5 மி.மீ., பத்தாம் நம்பர் 3.15, எட்டாம் நம்பர் 4. ஓட்டும் கரண்ட் இப்படி:

2.5 மி.மீ. ராடு: 60 முதல் 90 ஆம்பியர். 2 முதல் 5 மி.மீ. இரும்புக்கு.
3.15 மி.மீ. ராடு: 90 முதல் 130 ஆம்பியர். 5 மி.மீ.க்கு மேல்.
4 மி.மீ. ராடு: 140-க்கு மேல். வீட்டு மெஷினுக்கு வேண்டாம்.

பெட்டியில் அச்சிட்ட அளவுதான் கடைசிச் சொல். இது தொடக்கக் கணக்கு. முதல் பெட்டி 2.5 மி.மீ. 6013 வாங்குங்கள். கேட், தாங்கு, ஆங்கிள் ஸ்டாண்டு எல்லாம் அதிலேயே முடியும். கேஜ் வீல் பட்டை தடிமன் என்பதால் பத்தாம் நம்பர் வேண்டும். சேற்றையும் துருவையும் கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவைத்த பிறகுதான் ராடு வைக்கவேண்டும். பூச்சு ஓரளவுதான் அழுக்கைத் தள்ளும். நடவு வயல் சேறு முழுவதையும் அதன் தலையில் கட்டமுடியாது.

தொடக்கூடாதவையும் உண்டு. ரோட்டவேட்டர் கத்தி கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்டால் பக்கத்திலேயே நொறுங்கும். பழைய ஆயில் இஞ்சின், பம்பு உடல் வார்ப்பிரும்பு. அதற்கு நிக்கல் ராடும் பொறுமையும் வேண்டும். டிரெய்லர் கொக்கி, ஜாக்கி, ஏணி மாதிரி மனுஷ உயிர் தொங்கும் எதையும் பொழுதுபோக்கு வெல்டர் செய்யக்கூடாது. நான் ஒரு பட்டறை அண்ணனிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னது: "கேட்டு விட்டா திருப்பிப் போட்டுக்கலாம் தம்பி. கொக்கி விட்டா பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்?"

மெஷின்

பட்டறையில் உறுமிக்கொண்டு நிற்கும் ஆயில் கூலிங் டிரான்ஸ்ஃபார்மர் செட் சாகாவரம் பெற்றது. உள்ளே செம்போ அலுமினியமோ சுற்று, எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் தூக்கமுடியாத எடை, ஏ.சி. மட்டும், பல செட்டுகளுக்கு இரண்டு ஃபேஸ் வேண்டும். வீட்டுக்கு இன்வெர்ட்டர் மெஷின்தான் தோது. ஒரு கையில் தூக்கலாம், 230 வோல்ட் ஒரு ஃபேஸ் போதும், டி.சி. கரண்ட் தருவதால் வில் அமைதியாக நிற்கும்.

வாங்கும்போது பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள்; பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் 'டியூட்டி சைக்கிள்' என்று இருக்கும். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அந்தக் கரண்டில் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆறவிடவேண்டும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதும் முக்கியம். சர்வதேசத் தரம் 40 டிகிரியில் அளக்கச் சொல்கிறது. குளிர்ந்த அறையில் அளந்து எழுதிய எண், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் செல்லாது. விலை மலிவான பெட்டியில் 300, 400 என்று எழுதியிருந்து, தகட்டில் ஒன்றுமே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பத்தாம் நம்பர் ராடுக்கு 130 ஆம்பியர்தான் உச்சம். தகட்டில் நேர்மையாக 160 முதல் 200 எழுதிய மெஷின் தாராளமாகப் போதும். கடைக்காரர் சொன்ன இருநூறின் 'ஏன்' இதுதான்.

அடுத்தது வீட்டுக் கரண்ட். 90 ஆம்பியரில் ஓட்டும்போது வில்லில் மட்டும் ஏறத்தாழ 2 கிலோவாட் செலவாகிறது. மெஷினின் இழப்பும் சேர்ந்தால் வீட்டு இணைப்பிலிருந்து 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஃபேனுக்குப் போட்ட பிளக்கில் சொருகினால் வயர்தான் வேகும். தனி எம்.சி.பி., தடிமனான செம்பு வயர், ஒழுங்கான எர்த், இவற்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்க் கடைசியில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில், 170 வோல்ட்டிலும் ஓடுமா என்று தகட்டில் பாருங்கள். பம்புசெட் இலவச இணைப்பில் மாட்டி ஓட்டுவது விதிப்படி கூடாது. சிக்கினால் அபராதம் மெஷின் விலையைத் தாண்டிவிடும்.

ஐப்பசி ஈரம்

டெல்டாவில் வெல்டிங் பழகுகிறவருக்கு மற்ற ஊரில் இல்லாத ஒரு தொல்லை, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ராடு பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றைத் தடுக்க வந்த பூச்சே தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆகும்? வில் படபடவென்று தெறிக்கும், ஒட்டு குண்டூசி ஓட்டைகளோடு வரும். 6013-ஐ 100 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு மணிநேரம் காயவைத்தால் சரியாகும். இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு வைப்பது அதைவிடச் சுலபம். பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் ராடைத் தூக்கிப்போடுங்கள். அது ஸ்லாவ்யானோவ் காலத்து வெறுங்கம்பிதான்.

ஈரம் ஆளுக்கும் ஆபத்து. மெஷின் சும்மா நிற்கும்போது ஹோல்டரில் 60, 70 வோல்ட் இருக்கும். காய்ந்த கைக்கு அது பெரிதில்லை. வியர்த்த உடம்பும் ஈர மண்ணும் சேர்ந்தால் கொல்லும். ரப்பர் மிதியடியோ காய்ந்த பலகையோ இல்லாமல் நிற்காதீர்கள். தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய செருப்பு கட்டாயம். கண்ணாடி 10 அல்லது 11-ஆம் ஷேடு. வெறுங்கண்ணால் பார்த்தால் அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது மாதிரி உறுத்தும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். முதலில் அவர்களை அனுப்பிவிடுங்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். பூச்சைத் தேய்த்தெடுத்து, திறந்த வெளியில் ஓட்டுங்கள்.

உடைத்துப் பாருங்கள்

பெல் ஆலைக்குக் கதிர்ப்படம் இருக்கிறது. மான்ஸ் மெக் பீரங்கிக்கு வெடிமருந்தே சோதனையாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மரியாதை வேட்டின்போது அதன் குழாய் வெடித்தது. நமக்கு வைஸும் சுத்தியலும் இருக்கின்றன.

5 மி.மீ. பட்டையில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் மேல் மற்றதைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ராடின் மேல்நுனி போகிற திசைக்குக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். வில்லின் நீளம் ராடு கம்பியின் தடிமனைத் தாண்டவேண்டாம். நீளம் கூடினால் காற்று உள்ளே வந்துவிடும். ஆறினதும் வைஸில் பிடித்து, ஒட்டு திறக்கிற மாதிரி அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும். கறுப்புக் கோடு இருந்தால் கசடு மாட்டியிருக்கிறது: கரண்ட் போதவில்லை, அல்லது வேகம் தப்பு. தேன்கூடு மாதிரி ஓட்டை இருந்தால் ராடில் ஈரம், அல்லது வில் நீளம். ஒரு துண்டு அப்படியே வழவழவென்று கழன்று வந்தால், இரும்பு உருகிச் சேரவே இல்லை, மேலே படிந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு பெட்டி ராடையாவது உடைத்தே தீர்த்துவிட்டு, அதற்கப்புறம் கேட்டில் கை வையுங்கள். ஒரு துண்டு கறுப்புக் கோடோடு பிரிந்து வந்தால், 43 பட்டைகளையும் வளையங்களையும் சேர்த்தவர்கள் எதை ஒவ்வொரு காய்ச்சலிலும் தவிர்த்தார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியவில்லை. செய்த வேலையை இன்றைக்கும் கீழவாசலில் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.